பிறப்புச் சான்றிதழ் சேவையை இணையத்துக்குக் கொண்டுபோவது: எதிலிருந்து தொடங்கலாம்?

கிளையலுவலகம் (கேள்வி)

வளரும் நாடுகளில் மாவட்ட அளவில் பிறப்பு, இறப்புப் பதிவைக் கணினிமயமாக்குவது பற்றிய கேள்வி. நிலவரம் இப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள்: 22 கிளை அலுவலகங்கள். பாதி இடங்களில் தினமும் சில மணி நேரம் மின்சாரம் இருக்காது. இணையம் சிம் கார்டு வழியாக மட்டும். பழைய பதிவேடுகள் கையெழுத்தில். அதற்குப் பிந்தைய பத்தாண்டு ஏதோ ஒரு பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள். ஒரு நிறுவனம் கைபேசிச் செயலி செய்து தருவதாகச் சொல்கிறது. நிதி ஒரே முறைதான் வரும்.

1. செயலியிலிருந்து தொடங்குவது சரியா?
2. பழைய பதிவேடு முழுவதையும் ஏற்றிய பிறகுதான் சேவையைத் திறக்க வேண்டுமா?
3. இணையம் இல்லாத நேரத்தில் பதிவு எண் எப்படிக் கொடுப்பது?
4. போலிச் சான்றிதழைத் தடுக்க க்யூஆர் குறியீடு போதுமா?

மேசைக்குப்பின்

செயலியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில், வேலை முடிந்துபோன ஐம்பது கோப்புகளை எடுத்து, ஒவ்வொரு கையெழுத்துக்கும் கீழே இருக்கும் தேதியை வரிசையாக எழுதுங்கள். எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்பது ஒரே பிற்பகலில் தெரிந்துவிடும். உண்மையில் யாரோ ஒருவர் கோப்பைத் திறந்து வேலை பார்த்த நேரம் அரைமணி தேறினால் அதிகம். மீதி முழுக்கக் காத்திருப்பு. செயலி அந்த அரைமணியைத்தான் குறைக்கும், காத்திருப்பைத் தொடாது. விண்ணப்பம் இணையத்தில் வரும், அலுவலகத்தில் அதை அச்சடித்துப் பழைய கட்டுக்குள் சொருகுவார்கள். இப்படி நின்றுபோன திட்டங்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

அடுத்து, விண்ணப்பத்தோடு என்னென்ன தாள் கேட்கிறீர்கள் என்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'இதைக் கொடுத்தது யார்' என்று எழுதுங்கள். அரசாங்கமே கொடுத்த தாளை அரசாங்கத்திடமே கொண்டுவந்து காட்டச் சொல்வதுதான் பாதிக் கூட்டத்துக்குக் காரணம். எஸ்தோனியா 2001-லேயே எக்ஸ்-ரோடு என்ற தரவுப் பரிமாற்ற அடுக்கைத் தொடங்கியது. ஒரே தகவலைத் திரட்ட இன்னொரு தனித் தரவுத்தளம் அமைக்கக் கூடாது என்று சட்டத்திலும் எழுதிவைத்தது. தொழில்நுட்பத்தைவிட அந்தச் சட்ட வரிக்குத்தான் கூடுதல் வேலை இருக்கிறது என்பது என் கருத்து. உங்கள் அளவுக்கு எக்ஸ்-ரோடெல்லாம் தேவையில்லை. மருத்துவமனையிலிருந்து தினமும் ஒரு பிறப்புப் பட்டியல் கோப்பாக வந்து சேர்ந்தாலே போதும். பிறப்பை மருத்துவமனையே தெரிவித்துவிட்டால் பெற்றோர் விண்ணப்பிக்கவே வேண்டாம்; பெயர் சேர்க்க மட்டும் வந்தால் போதும். வீட்டில் நடக்கும் பிரசவத்துக்கு, தடுப்பூசி போட வரும் சுகாதாரப் பணியாளர் தெரிவிக்கட்டும்.

மூன்றாவதாக, அடுத்து எந்த விண்ணப்பத்தை எடுப்பது என்பதை ஊழியர் தேர்ந்தெடுக்கக் கூடாது. கர்நாடகத்தின் 'பூமி' நில ஆவணத் திட்டத்தில் பட்டா மாற்ற விண்ணப்பங்கள் வந்த வரிசையில்தான் திரையில் திறக்கும். ஒன்றைத் தாண்ட வேண்டுமென்றால் காரணம் பதிவாக வேண்டும். அதோடு கையால் எழுதிய நகல்கள் செல்லாது என்றும் அறிவித்தார்கள். இந்த இரண்டும் சேர்ந்ததால்தான் அங்கே மாற்றம் வந்தது. பழைய வழியையும் புது வழியையும் சேர்த்தே ஓட்டினால், பணம் கைமாறும் வழி எதுவோ அதுதான் ஜெயிக்கும்.

நிராகரிப்புக்கும் ஒரு விதி வையுங்கள்: குறைகளை ஒரே தடவையில் முழுதாகச் சொல்ல வேண்டும். முதல் தடவை 'முகவரிச் சான்று இல்லை', திருத்திக் கொடுத்தால் 'கையொப்பம் பொருந்தவில்லை' என்று அலையவிடும் பழக்கத்துக்கு மென்பொருள் இடம் கொடுக்கக் கூடாது.

பழையபதிவேடு

2-வது கேள்விக்கு: முழுவதையும் ஏற்றும்வரை காத்திருந்தால் திறப்பு விழாவே நடக்காது. முதலில் படி (ஸ்கேன் நகல்), அடுத்து சுட்டி (தேடு பட்டியல்), பிறகு தரவு என்ற வரிசையில் போங்கள். எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்து, பதிவு எண், தேதி, தாய் தந்தை பெயர், புத்தக எண், பக்க எண் இவ்வளவுக்கு மட்டும் ஒரு சுட்டி. மற்றப் புலங்களை (விவரக் கட்டங்களை) யாராவது நகல் கேட்டு வரும்போது நிரப்பலாம். அதிகம் கேட்கப்படும் ஆண்டுகள் (பள்ளிச் சேர்க்கை, கடவுச்சீட்டு வயது) தானாக முன்னால் வந்துவிடும்.

ஸ்கேனில் கோட்டைவிடும் இடங்கள்: 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற தெளிவு அளவு), சாம்பல் அல்லது வண்ணம். கோப்பு சிறிதாகும் என்று தூய கறுப்பு-வெள்ளையில் எடுத்தால், மங்கிய மையும் ஓரத்தில் பென்சிலால் போட்ட திருத்தமும் மறைந்துபோகும். பதிவேட்டின் தைப்பைப் பிரிக்காதீர்கள். மேலிருந்து படமெடுக்கும் தாங்கி இருக்கிறது. வெற்றுப் பக்கத்தையும் எடுங்கள், அப்போதுதான் பக்கக் கணக்கு நேராகும். ஓரத் திருத்தத்துக்குத் தனிப் புலம் கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் தட்டச்சு செய்பவர் அதை விட்டுவிடுவார். பெயரையும் தேதியையும் இருவர் தனித்தனியாக அடித்து, பொருந்தாததை மட்டும் மூன்றாமவர் மூலப் படத்தோடு ஒப்பிட வேண்டும்.

பதிவேட்டில் உள்ள எழுத்துப்பிழையைத் திருத்தி அடிக்கக் கூடாது. இருப்பது அப்படியே ஒரு புலத்தில். தேடுவதற்கு வசதியான வடிவம் இன்னொரு புலத்தில். பெயருக்கு ஒரே புலம் வையுங்கள். 'முதல் பெயர், குடும்பப் பெயர்' என்று இரண்டாகப் பிரித்த வெளிநாட்டுப் படிவ மாதிரியை எடுத்தால், தலைப்பெழுத்து உள்ளவர்கள் பாடு திண்டாட்டம்.

நாள் தெரியாத பிறப்புகளுக்கு ஜனவரி 1 என்று போடாதீர்கள். ஆண்டு மட்டும் தெரியும், ஆண்டும் மாதமும் தெரியும், முழுத் தேதி தெரியும் என்று ஒரு குறியைச் சேர்த்துச் சேமியுங்கள். இல்லாவிட்டால் பின்னால் வயதை வைத்து எடுக்கும் எந்தப் பட்டியலிலும் ஜனவரி 1 மலைபோல நிற்கும். எது நிஜம், எது நிரப்பியது என்று பிரிக்கவே முடியாது.

பழைய எழுத்துருக் கோப்புகளை எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டு யூனிகோடாக்கலாம் (எல்லாக் கணினியும் புரிந்துகொள்ளும் பொதுக் குறியாக்கம்). ஆனால் எந்தக் கோப்பு எந்தக் குறியாக்கம் என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். ஒரே கோப்புக்குள் இரண்டு எழுத்துரு கலந்திருப்பதும் சகஜம். மாற்றிய பிறகும் ஒரு பொறி உண்டு. 'கொ' என்பதில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு. 'கொற்றவை' என்று தேடினால் பாதிப் பேர் கிடைக்க மாட்டார்கள். சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி என்ற யூனிகோடு விதிப்படி ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

நிலாசர்வர்

எண்ணைப் பற்றி. சர்வரைக் கேட்டு எண் வாங்காதீங்க. அலுவலகக் குறி 2 இலக்கம், ஆண்டு 4, வரிசை எண் 5, கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம் (மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு, தப்பாக அடித்ததைப் பிடிப்பது). ஒவ்வொரு அலுவலகமும் தன் வரிசையைத் தானே ஓட்டிக்கொள்ளும். ஒரே அலுவலகத்தில் இரண்டு கருவி இருந்தால் 00001–49999 ஒன்றுக்கு, மீதி மற்றதுக்கு. உள்ளே தரவுத்தளத்துக்கு யூயூஐடி (கருவியே உருவாக்கும், வேறெதோடும் மோதாத நீண்ட அடையாள எண்) தனியா இருக்கட்டும். ஒத்திசைவு (கருவியில் உள்ளதைச் சர்வருக்கு அனுப்புவது) பாதியில் அறுந்து மறுபடி அனுப்பினாலும் ஒரே பதிவு இரண்டாகாது. கெட்டுப்போன எண்ணை ரத்து என்று குறிங்க, மறுபடி பயன்படுத்தாதீங்க.

சரிபார்ப்பு இலக்கத்துக்கு வெர்ஹூஃப் முறை நல்லது. ஆதாரின் 12-வது இலக்கம் அதுதான். ஒரு இலக்கம் தப்பினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கம் இடம் மாறினாலும் பிடித்துவிடும். இன்னொரு முறையான லூன் முறையில் 09-ம் 90-ம் மாறினால் தெரியாது.

கருவிக் கடிகாரத்தை நம்பாதீங்க. கருவி நேரம், சர்வருக்கு வந்த நேரம் இரண்டையும் சேமிங்க.

மின்சாரத்துக்கு மேசைக் கணினி வேண்டாம், மடிக்கணினி. ஆனால் எல்லாரும் மறப்பது ரவுட்டரை: மடிக்கணினி உயிரோட இருக்கும், ரவுட்டர் செத்திருக்கும். 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் தனியா ரவுட்டருக்கு வாங்குங்க. லேசர் பிரிண்டரைச் சின்ன யூபிஎஸ்ஸில் மாட்டாதீங்க. அதன் சூடாக்கி ஆன் ஆகும் நொடியில் பல நூறு வாட் இழுக்கும், யூபிஎஸ் கத்திட்டு அணைந்துவிடும், கூடவே மற்றதும் போகும். இரண்டு நிறுவனங்களின் சிம் வைத்துக்கொள்ளுங்க.

க்யூஆர்: வெறும் இணைய முகவரியை மட்டும் போட்டால் பயனே இல்லை. போலிக்காரர் அதே மாதிரி ஒரு தளம் போட்டு, 'சரியான சான்றிதழ்' என்று பச்சை டிக் காட்டுவார். பெயர், தேதி, எண் ஆகிய தரவும் மின்னொப்பமும் குறியீட்டுக்குள்ளேயே இருக்கணும். சரிபார்க்கும் செயலி இணையம் இல்லாமலே பார்க்கும். ஆர்எஸ்ஏ 2048 என்ற மின்னொப்ப முறையில் ஒப்பம் 256 பைட், குறியீடு நெருக்கமாகி மலிவுக் கைபேசி படிக்காது. நீள்வட்ட வளைவு என்ற இன்னொரு மின்னொப்ப முறையில் 64 பைட்தான். பிழைதிருத்த அளவு எம் (சுமார் 15 சதவீதம் சேதம் தாங்கும்), அச்சில் 3 செ.மீ.க்குக் குறையாமல். ஒப்பமிடும் ரகசியச் சாவி கிளை அலுவலகக் கணினியில் இருக்கக் கூடாது. அதனால் இணையம் இல்லாதபோது ரசீது மட்டும், சான்றிதழ் ஒத்திசைவுக்குப் பிறகு. பின்னால் திருத்தம் வந்தால் பழைய தாளின் ஒப்பமும் சரி என்றே காட்டும், அதனால் வெளியீட்டு எண்ணையும் சேர்த்து ஒப்பமிட்டு, இணையம் இருப்பவர்களுக்கு 'இதுதான் கடைசி வெளியீடா' என்று பார்க்க ஒரு வழி வைங்க.

குறுஞ்செய்திச் செலவையும் முன்னாடியே கணக்குப் போடுங்க. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70. அதிலும் 'சான்றிதழ்' நம் கண்ணுக்கு 5 எழுத்து, அங்கே 9. எழுபதைத் தாண்டினால் துண்டுக்கு 67 ஆகி, இரண்டு செய்திக் கட்டணம்.

வரிசை

மேலே சொன்னதோடு ஒன்று. வெறும் பட்டன் கைபேசி வைத்திருப்பவர்களை மறந்துவிடாதீர்கள். மேற்கு ஆப்பிரிக்க நாடான டோகோ 2020-ல் 'நொவிஸ்ஸி' உதவித்தொகையை, நட்சத்திரக் குறி போட்டு அழைக்கும், இணையம் தேவைப்படாத யூஎஸ்எஸ்டி வழியாகத்தான் கொடுத்தது. அடையாளத்துக்குக் கையில் இருந்த வாக்காளர் பட்டியலையே எடுத்துக்கொண்டது. விண்ணப்ப நிலை பார்க்க அந்த வழி ஒன்றே போதும்.

கைபேசி எண்ணை ஆளின் அடையாளமாக எடுக்காதீர்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு சிம் இருக்கும். இடைத்தரகர் நூறு விண்ணப்பத்திலும் தன் எண்ணையே போடுவார். ஒரே எண் பத்துக்கு மேல் வந்தால் பட்டியலில் காட்டச் சொல்லுங்கள், ஆனால் தானாக முடக்காதீர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்தத் தரகர்தான் சேவை மையம். கட்டணம் அச்சிட்ட ரசீது கட்டாயம் என்ற விதியோடு அவரை உள்ளே கொண்டுவருவது நல்லது.

கைரேகை வைத்தால்: முதியவர்கள், கூலி வேலை செய்பவர்களின் ரேகை தேய்ந்திருக்கும். மாற்று வழியை ஊழியரின் கருணைக்கு விடாமல் திரையிலேயே ஒரு பொத்தானாக வையுங்கள்.

கிளையலுவலகம்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு துணைக்கேள்வி. சேவை மேம்பட்டதா என்று எதை வைத்து அளப்பது? ஒரே முறை வரும் நிதியில் ஒப்பந்தத்தை எப்படி எழுதுவது?

மேசைக்குப்பின்

சராசரி நாளைப் பார்க்காதீர்கள். அதே நாளில் முடிந்த எளிய கோப்புகள் அதை அழகாக்கிவிடும். நடு மதிப்பையும், பத்தில் ஒன்பது பேருக்கு எத்தனை நாளுக்குள் கிடைத்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். காலக்கெடு வைத்தால் உடனே ஒரு தந்திரம் முளைக்கும்: கெடு முடிவதற்கு முந்தின நாள் ஏதோ காரணம் சொல்லி நிராகரிப்பது. கணக்கில் அது 'கெடுவுக்குள் முடிந்தது'. இதைப் பிடிக்க, அதே குழந்தைக்கு வரும் மறுவிண்ணப்பத்தைப் புதிதாக எண்ணாமல் முதல் விண்ணப்பத்தின் தேதியிலிருந்தே கடிகாரத்தை ஓட்டுங்கள். நிராகரிப்புகள் கெடுவின் எத்தனையாவது நாளில் விழுகின்றன என்று ஒரு வரைபடம் போட்டால், கடைசி நாளில் செங்குத்தாக ஏறும் அலுவலகம் எது என்று தெரிந்துவிடும்.

ஒப்பந்தத்துக்கு முன்னால், ஓபன்சிஆர்விஎஸ் என்று பிறப்பு, இறப்புப் பதிவுக்கென்றே கட்டற்ற மென்பொருள் இருக்கிறது, அதை ஒரு கிளையில் ஓட்டிப் பாருங்கள். புதிதாகச் செய்வதென்றால், வந்த பணம் முழுவதையும் உருவாக்கத்துக்கே கொடுக்காமல், சர்வர், சிம், குறுஞ்செய்தி, ஊழியர் மாறும்போது மறுபயிற்சி எல்லாவற்றுக்கும் ஐந்தாண்டுக்கு முதலிலேயே ஒதுக்குங்கள். இணைய முகவரி, செயலிக் கடைக் கணக்கு, குறுஞ்செய்தி அனுப்புநர் பெயர் மூன்றும் துறையின் பெயரில் இருக்க வேண்டும்; நிறுவனத்தின் பெயரில் இருந்தால் பிற்பாடு பிரிவதே பெரும்பாடு. மூல நிரலோடு தரவுத்தள அமைப்பு விளக்கமும் கேளுங்கள்.

கடைசித் தவணையைத் திறப்பு விழாவோடு கட்டாதீர்கள். நிறுவனம் கொடுத்த காப்புப் படியை, அவர்கள் ஆள் யாரும் உடன் இல்லாமல், துறையின் ஊழியர் வேறொரு கணினியில் ஏற்றி, பழைய சான்றிதழ் ஒன்றை எடுத்து அச்சடித்த பிறகு கொடுங்கள்.