தோள்பட்டை முடிச்சுக்கு எந்த மசாஜ்?

கேள்வி: ஆம்பூர் ஷூ கம்பெனியில் 11 வருஷமாகக் குனிந்தே தைக்கிறேன். வலது தோளில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு முடிச்சு. எந்த மசாஜ் கேட்கும்?

பதில்: வேலூரில் பிசியோவாக இருக்கிறேன் அக்கா. ஸ்வீடிஷ் என்றால் நீவி, பிசைந்து விடுவது, அலுப்புக்குச் சரி. முடிச்சுக்கு டீப் டிஷ்யூ பார்க்கலாம். மெதுவாக, ஆழமாக அழுத்துவார்கள். மறுநாள் கொஞ்சம் வலிக்கும்.

பதில்: சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்கிற மசாஜ் 9 வகை: தட்டல், இறுக்கல், முறுக்கல் என்று போகும். குடியாத்தத்தில் தறி ஓட்டிய எங்கள் தாத்தாவுக்குச் சனிக்கிழமை நல்லெண்ணெய்தான். "இந்த வெயிலுக்கு எண்ணெயைக் காய்ச்ச வேறு வேணுமா?" என்பார் பாட்டி.

கேட்டவர்: அப்புறம், இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கியிருக்கு. அதையும் நீவலாமா?

பிசியோ: கையே வைக்காதீங்க! ரத்தக்கட்டியாக இருக்கலாம். இன்றைக்கே டாக்டரிடம் போங்க அக்கா.