ஸ்டாட்டின் சாப்பிட்டும் எல்டிஎல் 2.9: அளவைக் கூட்டினால் போதுமா?

தெம்பனிஸ்வாசி:
அப்பாவுக்கு 62 வயது. ஸ்டென்ட் வைத்து இரண்டு ஆண்டாகிறது. இரவில் அட்டோர்வாஸ்டாட்டின் (கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரை) 20 மி.கி. பாலிகிளினிக்கில் எடுத்த சோதனையில் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) லிட்டருக்கு 2.9 மில்லிமோல். எல்டிஎல் 1.4க்குக் கீழே வரவேண்டும் என்கிறார் டாக்டர். மாத்திரையை 40 ஆக்கினால் போதுமா?

மருந்துமேசை:
போதாதுங்க. ஸ்டாட்டினில் முதல் மாத்திரைதான் பெரும்பாலான வேலையைச் செய்யும். அதற்குப் பிறகு அளவை இரட்டிப்பாக்கும் ஒவ்வொரு முறையும், மருந்து தொடங்குமுன் இருந்த எல்டிஎல்லில் சுமார் 6 சதவீதம்தான் கூடுதலாக இறங்கும். 20 மி.கி. ஏறக்குறைய 40 சதவீதம் குறைக்கும் என்பதால், தொடக்கத்தில் 4.8 அளவில் இருந்திருக்கும். 40 மி.கி. போட்டால் 2.6 பக்கம் வரும்.

எசெடிமைப் 10 மி.கி. சேர்த்தால் மேலும் 20 சதவீதம் போல இறங்கி 2.1 ஆகலாம். ஸ்டாட்டின் கல்லீரலில் கொலஸ்ட்ரால் உற்பத்தியைக் குறைக்கிறது, எசெடிமைப் குடல் அதை உறிஞ்சுவதைத் தடுக்கிறது. இரண்டும் வெவ்வேறு வழி, அதனால்தான் சேர்ந்து நன்றாக வேலை செய்கின்றன. அப்படியும் 1.4 வராவிட்டால் அடுத்தது ஊசி: எவோலோகுமாப் 140 மி.கி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, எல்டிஎல்லை 60 சதவீதம் வரை குறைக்கும். விலை அதிகம், மானியம் கிடைக்குமா என்று மருத்துவச் சமூக ஊழியரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அளவு கூடினால் பம்பளிமாஸ், கிரேப்ஃபுரூட் வேண்டாம், ரத்தத்தில் மருந்து ஏறிவிடும். சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரையும் கூடாது. அதில் இருப்பது லோவாஸ்டாட்டினேதான். கடும் தசைவலியோடு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனை.

ஈசூன்அக்கா:
அந்த 4.8 எனக்கு உறுத்துகிறது. 4.9ஐத் தொட்டாலே பரம்பரைக் கொலஸ்ட்ரால் இருக்குமோ என்று பார்க்கவேண்டும். குதிகால் தசைநாண் தடித்திருக்கிறதா? குடும்பத்தில் 55 வயதுக்குள் மாரடைப்பு வந்த ஆண் உண்டா? இருந்தால் பிள்ளைகளும் சோதிக்கணும். தைராய்டு மந்தமாக இருந்தாலும் எல்டிஎல் ஏறும், டிஎஸ்எச் (தைராய்டு ரத்தச் சோதனை) பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் முதலில் மாத்திரை அட்டையை எண்ணுங்கள் தம்பி.

தெம்பனிஸ்வாசி:
எண்ணினேன் அக்கா. 30 நாளில் 9 மிச்சம்! இரவில் சாப்பிட்டதும் தூங்கிவிடுகிறார்.

மருந்துமேசை:
அப்படியானால் என் கணக்கு அடிபட்டுப்போகிறது. முழு 20 மி.கி. கொடுத்த பலன் இல்லை இது. ஸ்டென்ட்டுக்கு முந்தைய எல்டிஎல் எண் ஹெல்த்ஹப் செயலியின் மருத்துவப் பதிவில் இருக்கிறதா என்று தேடுங்கள், யூகத்தைவிட அதுதான் உறுதி. அட்டோர்வாஸ்டாட்டினை எந்த நேரமும் எடுக்கலாம், காலை ரத்த அழுத்த மாத்திரையோடு சேர்த்துக் கொடுங்கள். 9 விட்டதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தினமும் தவறாமல் எடுத்து 6 முதல் 8 வாரம் கழித்து மறுசோதனையா, இப்போதே எசெடிமைப்பும் சேர்ப்பதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். ஸ்டென்ட் வைத்தவருக்கு இரண்டாவதையே அவர் சொன்னாலும் ஆச்சரியமில்லை.

ஈசூன்அக்கா:
நாசி லெமாக், பிராட்டா, நெய் குறைத்தால் நல்லதுதான். அதை நம்பி மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.