பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்: அப்பா பெயரை எழுதலாமா?

நெல்லைக்காரி:
மகளுக்கு பாஸ்போர்ட் எடுக்கப்போகிறோம். இனிஷியலை விரித்து, தன் பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போடச் சொல்கிறார் கணவர். அந்தக் கட்டத்தைக் காலியாக விடலாம் என்கிறேன் நான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வளைகுடாவாசி:
காலியாக விடாதீர்கள். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை அனுமதிப்பதில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். அமெரிக்க விசாவில் இன்னும் சிக்கல். இருக்கிற ஒரே பெயரைக் குடும்பப் பெயராக்கிவிட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று அடித்துவிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். சொந்தப் பெயரோடு பிறந்த பிள்ளைக்கு இது தேவையா?

செங்கைத் தமிழன்:
அதற்காக இல்லாத குடும்பப் பெயரை உண்டாக்குவதா? 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விடத் தீர்மானம் போட்டார்கள். முதலியாரும் பிள்ளையும் பெயருக்குப் பின்னாலிருந்து உதிர்ந்து, ஒரு எழுத்தோடு நிற்கப் பழகிய ஊர் இது. விஸ்வநாதன் ஆனந்தைப் பாருங்கள். செஸ் உலகம் செல்லமாகக் கூப்பிடும் ‘விஷி’ அவர் அப்பா பெயரின் சுருக்கம்! அவர் பெயர் ஆனந்த்.

வளைகுடாவாசி:
அப்பா பெயர் சாதிப் பெயர் இல்லையே. ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. அப்பா பெயரோடு மகன் என்றால் ‘சன்’, மகள் என்றால் ‘டோட்டிர்’ சேர்ப்பார்கள், அவ்வளவுதான். பாஸ்போர்ட்டில் அதுதான் கடைசிப் பெயர். ஊருக்குள் பிரதமரைக்கூட முதல் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். கட்டத்தை நிரப்பினால் வழக்கம் ஒன்றும் செத்துவிடாது.

சந்திரா:
இரண்டு பேரும் அப்பாவையே சுற்றி வருகிறீர்கள். ஐஸ்லாந்தில் அம்மா பெயரோடும் ‘டோட்டிர்’ சேர்க்கலாம். இங்கே என் கல்விச் சான்றிதழில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் இனிஷியல். இரண்டும் ஒரே ஆள் என்று நிரூபிக்க நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி அலைந்தேன். அப்பா இறந்த பிறகு பிள்ளையின் குடும்பப் பெயரைத் தீர்மானிக்கும் உரிமை அம்மாவுக்கு உண்டு என்று 2022இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. அப்பா இருக்கும்போதும் அம்மாவைக் கேட்டால் என்ன?

செங்கைத் தமிழன்:
அதில் எனக்கு மறுப்பில்லை, அம்மா இனிஷியலும் இனிஷியல்தானே. குடும்பப் பெயராக்குவதைத்தான் எதிர்க்கிறேன்.

நெல்லைக்காரி:
பயணத்துக்காகக் கட்டத்தை நிரப்பச் சம்மதிக்கிறேன். ஆனால் அதில் என் பெயர்தான் வர வேண்டும் என்று இன்று ராத்திரி வீட்டில் பேசப்போகிறேன்.