மூக்கு முடிக்குக் கையால் திருகும் டிரிம்மர்: வாங்கினவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கும்பகோணத்திலிருந்து:

அறுப்பு மெஷின் வயலில் இறங்கிவிட்டால் வைக்கோல் தூசியும் நெல் சுணையும் தெரு வரைக்கும் வந்துவிடும். ராத்திரி மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வருகிறது. அந்தத் தூசியில் ஒரு பகுதியை வாசலிலேயே நிறுத்துவது மூக்கு முடிதான். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வெளியே தெரிகிற முடியை மட்டும் வெட்டுங்கள், உள்ளே வழித்துவிடாதீர்கள். 2011-இல் துருக்கி மருத்துவர்கள் பருவகால மூக்கு ஒவ்வாமை உள்ள 233 பேரைப் பரிசோதித்தார்கள். மூக்கு முடி அடர்த்தியாக இருந்தவர்களிடம் ஆஸ்துமா குறைவாக இருந்தது. வெட்டினால் ஆஸ்துமா வரும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனாலும் மொட்டையாக வழிக்க எனக்கு மனம் வரவில்லை.

வெளியே தெரிவதை வெட்ட, திருகும் டிரிம்மரே போதும். வெளிக்குழலின் நுனியில் மெல்லிய கீறல்கள் இருக்கும். அடியைத் திருகினால் உள்ளே இருக்கும் பிளேடு சுற்றி, கீறலில் நுழைந்த முடியை நறுக்கும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் முடி வெட்டுப்படாமல் மாட்டிக்கொண்டு இழுக்கும், கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பெரிய கடைத்தெருவில் வாங்கும்போது நான் பார்த்தது அதைத்தான். நுனியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், லொடலொடவென்று ஆடியதை அங்கேயே வைத்துவிட்டேன். அப்புறம் ஆடாத ஒன்றை எடுத்து முன்கை முடியில் வைத்துத் திருகினேன். சுருக்கென்று இழுக்காமல் முடித்துணுக்கு பொடியாக உதிர்ந்தது. அதையே வாங்கி வந்தேன், வீட்டில் சோப்பு போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்த பிறகுதான் மூக்குக்கு.

காந்தம் ஒட்டினால் மட்டமான இரும்பு என்று கடையில் ஒருவர் சொன்னார். அது சரியில்லை. சமையல் பாத்திர எவர்சில்வரில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. கூர் நிற்க வேண்டும் என்பதற்காகக் கடினப்படுத்தும் பிளேடு எஃகில் ஒட்டத்தான் செய்யும்.

வேதாரண்யத்திலிருந்து:

அண்ணே, எங்கள் ஊருக்கு பேட்டரி டிரிம்மர் ஒத்துவராது. உப்புக்காற்றில் பேட்டரி உட்காரும் தகட்டில் பச்சை பூத்துவிடும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரை கடந்த பிறகு நாள்கணக்கில் கரண்ட் இல்லை, சார்ஜ் போடுகிற சாமான் எல்லாம் சும்மா கிடந்தது. அதற்கப்புறம் சவர சாமான் எதுவானாலும் கையால் ஓடுவதாகவே வாங்குகிறேன். முலாம் பூசியது வேண்டாம், இங்கே சீக்கிரம் உரிந்துவிடுகிறது. முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்று கேட்டு வாங்குங்கள்.

மன்னார்குடியிலிருந்து:

அப்பாவுக்கு விரலால் பிடுங்குகிற பழக்கம். ஒரு தடவை மூக்கின் உள்ளே கொப்புளம் கிளம்பி, மேலுதடு வரை வீங்கிவிட்டது. சர்க்கரை வேறு இருக்கிறது. டாக்டர் மாத்திரை கொடுத்துவிட்டு, "இனிமேல் பிடுங்கவே கூடாது ஐயா" என்று கண்டிப்பாகச் சொன்னார். முடியை வேரோடு பிடுங்கினால் அந்தக் குழியில் கிருமி புகுந்துவிடுமாம். மூக்கைச் சுற்றி இருக்கும் ரத்தக்குழாய்கள் மண்டைக்குள் இருப்பவற்றோடு இணைந்தவை என்பதால், அபூர்வமாகத் தொற்று உள்ளே ஏறவும் வழி உண்டு என்றார்.

அப்பாவுக்குக் கை நடுங்கும், கத்தரி கொடுக்கப் பயம். இப்போது திண்ணை வெளிச்சத்தில் உட்காரவைத்து நான்தான் வெட்டிவிடுகிறேன். நுனி மொழுமொழுவென்று இருப்பதால் அவர் தலையை அசைத்தாலும் குத்தாது. ஒன்று கவனித்தேன்: திருகி முடிக்கும் முன்னே வெளியே எடுத்தால் பாதி மாட்டிய முடியை இழுத்துவிடுகிறது. இன்னும் இரண்டு திருகு திருகிவிட்டு எடுத்தால் "ம்" என்றுகூடச் சொல்ல மாட்டார். பிடியில் வரிவரியாகச் சொரசொரப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், ஈரக் கையில் வழுக்காது. எண்ணெய் விட வேண்டுமா அண்ணா? தேங்காய் எண்ணெய் போதுமா?

கும்பகோணத்திலிருந்து:

தேங்காய் எண்ணெய் வேண்டாம்மா, மார்கழிக் குளிரில் உறைந்து திருகவே வராது. கழற்றிக் கழுவி, நன்றாகக் காயவைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு உள்பிளேடு சுற்றும் இடத்தில் விட்டு, மிச்சத்தைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். அப்பாவுடையதை வீட்டில் வேறு யாரும் எடுக்காமல் தனி டப்பாவில் வையுங்கள்.