ஒரு கலப்புப் புரதம் செல்லின் முதிர்ச்சியை எப்படித் தடுக்கிறது?

கேள்வி (முதுநிலை மாணவி, கிண்டி)
வணக்கம். புற்றுநோய்ப் புரதங்கள் செல் பிரிதலை முடுக்கிவிடுபவை என்றே ராஸ், மிக் ஆகியவற்றை முன்வைத்துப் படித்தோம். ஆனால் அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கீமியா என்னும் இரத்தப் புற்றுநோயில் செல்கள் முதிராமல் நின்றுவிடுகின்றன என்றும், ரெட்டினோயிக் அமிலத்தின் ஒரு வடிவமான அட்ரா மருந்து கொடுத்தால் முதிரத் தொடங்குகின்றன என்றும் அறிகிறேன். ஒரே ஒரு புரதம் செல்லின் போக்கை இந்த அளவுக்குத் தடுப்பது எப்படி? அடுத்த வாரச் செமினாருக்காகக் கேட்கிறேன்.

பதில் (மூலக்கூறு உயிரியல் ஆய்வாளர், தரமணி)
இந்நோயில் 15, 17ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் பி.எம்.எல்., ரார் ஆல்பா என்னும் இரண்டு புரதங்கள் ஒன்றாக இணைந்து ஒரே கலப்புப் புரதமாக உருவாகின்றன. இதில் ரார் ஆல்பாவே முதிர்ச்சியை நெறிப்படுத்தும் புரதம் என்பதைக் கவனியுங்கள். ரெட்டினோயிக் அமிலம் இல்லாதபோது அது டி.என்.ஏ.வின் மேல் அமர்ந்து, ஹிஸ்டோன் டிஅசிட்டைலேஸ் உள்ளிட்ட அடக்கிப் புரதங்களைத் தன்னிடம் இழுத்துவைத்து மரபணுக்களை மூடுகிறது. அமிலம் வந்து சேர்ந்ததும் அவற்றை விடுவித்துவிட்டு, ஊக்கிப் புரதங்களை ஏற்றுக்கொள்கிறது. கலப்புப் புரதத்திலோ பி.எம்.எல். பகுதி பல மூலக்கூறுகளை ஒன்றுசேர்ப்பதால் அடக்கிகளின் மீதான பிடி இறுகி, உடலில் இயல்பாக உள்ள அமில அளவுக்கு அது தளர்வதில்லை. மருந்தாகக் கொடுக்கும் உயர்ந்த அளவே அதைத் தளர்த்துகிறது. இதோடு, புற்றுநோயைத் தடுக்கும் பி.53 புரதத்தின் செயலுக்குத் துணைநிற்கும் பி.எம்.எல். அணுக்கருத் திரள்களையும் கலப்புப் புரதம் சிதறடிக்கிறது. இந்நோய்க்கான மற்றொரு மருந்தான ஆர்செனிக் ட்ரையாக்சைடு பி.எம்.எல். பகுதியிலேயே நேரடியாகப் பிணைந்து கலப்புப் புரதத்தைச் சிதைவுக்கு அனுப்புவதால்தான், இரண்டு மருந்துகளும் சேரும்போது பலன் இவ்வளவு உறுதியாக இருக்கிறது.

பதில் (இரத்த நோய்க்குறியியல் மருத்துவர், அடையாறு)
மேலே சொன்னதை ஸ்லைடிலேயே பார்க்கலாம். தொடக்கத்தில் கரடுமுரடான துகள்கள் நிறைந்த செல்களில் ஆவர் தண்டுகள் என்னும் ஊசி போன்ற அமைப்புகள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். அட்ரா தொடங்கிய பின், கரு மடல் மடலாகப் பிரிந்த முதிர்ந்த நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுவுக்குள்ளும் சில சமயம் அதே தண்டைக் காண முடியும். நோயுற்ற செல்லே முதிர்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் முதிரும் செல்கள் காய்ச்சல், மூச்சுத்திணறல் எனக் கடுமையான விளைவுகளையும் தரக்கூடும் என்பதால், அறிகுறி தென்பட்டவுடன் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்குகிறோம். இதையும் செமினாரில் தவறாமல் சொல்லுங்கள், அம்மா.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி. மற்ற லுக்கீமியாக்களில் இதே வழி ஏன் பலிப்பதில்லை?

பதில் (தரமணி)
பெரும்பாலானவற்றில் ரெட்டினோயிக் அமிலம் பொருந்தும் இடமே கலப்புப் புரதத்தில் இருப்பதில்லை. ரார் ஆல்பாவோடு பி.எம்.எல்.லுக்குப் பதிலாக பி.எல்.இசட்.எஃப். என்னும் வேறொரு புரதம் இணைந்திருந்தால், அந்தப் பகுதியே தனியாக அடக்கிகளைப் பிடித்துக்கொள்வதால் அட்ரா பொதுவாகப் பலன் தருவதில்லை. எனினும் கே.எம்.டி.2.ஏ. என்னும் மரபணுவில் மாற்றமுள்ள லுக்கீமியாவில், அதன் புரதம் மெனின் புரதத்துடன் பிணைவதைத் தடுத்தால், செல்களை முதிராமல் வைத்திருக்கும் ஹாக்ஸ் மரபணுக்களின் செயல் குறைந்து செல்கள் முதிரத் தொடங்குகின்றன. அவ்வாறு செயல்படும் ரெவுமெனிப் என்னும் மருந்து 2024இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. உங்கள் செமினாரில் அட்ராவுக்கு அடுத்து இதை வைத்தால் பொருத்தமாக இருக்கும்.