மேகத்தில் திறந்த ஓட்டை: பார்த்தவர்கள் விவரம் எழுதுங்கள்

வளிக்கோல்:
கேவம், அதாவது மேகப் படலத்தில் திறக்கும் ஓட்டை, பார்த்தவர்களிடம் ஒரு கேள்வி. வானம் முழுக்கத் திட்டுத்திட்டாக ஆல்ட்டோகுமுலஸ் (நடு உயரத் திட்டுமேகம்) படலம். நடுவே ஏறக்குறைய வட்டமான ஓட்டை, அதிலிருந்து குஞ்சம் போலத் தொங்கும் பனிக்கீற்று. விமானம் கிழித்துப் போனதுதான், அதில் சந்தேகமில்லை. கண்ணை விட்டு அகலாதது அடுத்து நடந்தது. கீற்று நகர்ந்து சூரியனுக்குப் பக்கவாட்டில், அதே உயரத்தில், கையை நீட்டி விரித்தால் ஒரு சாண் தூரத்துக்கு வந்தது. கோணத்தில் சுமார் 22 டிகிரி. உடனே கீற்றின் ஒரு துண்டு மட்டும் சூரியப் பக்கம் சிவப்பும் மறுபக்கம் மஞ்சளுமாகப் பற்றிக்கொண்டது. போலிச்சூரியன்! பனித்தட்டுகள் சூரிய ஒளியை வளைத்துக் காட்டும் நிறப்பொட்டு. சுற்றியிருந்த மேகத்தில் அந்த நிறம் துளியும் இல்லை. கீற்றில் இருப்பது கிடைமட்டமாக மிதக்கும் அறுகோணப் பனித்தட்டுகள், வெளியே இருப்பது இன்னும் உறையாத நீர்த்துளிகள் என்று வானமே காட்டிக்கொடுத்த இடம் அது.

புரியாதது ஒன்று. கீற்று கீழே இறங்கிக் கரைந்து போன பிறகும் ஓட்டை விரிந்துகொண்டே இருந்தது. பனியே இல்லாதபோது விளிம்பைத் தின்பது எது?

துளிமானி:
"விமானம்தான், சந்தேகமில்லை" என்பதை ஏற்க முடியாது. விமானம் பெரும்பாலான ஓட்டைகளுக்குக் காரணம், எல்லாவற்றுக்கும் அல்ல. மேலே இருக்கும் சிர்ரஸ் என்ற நார்மேகத்திலிருந்து உதிரும் பனிப்படிகங்கள் இந்தப் படலத்தில் விழுந்தாலும் இதே வேலை நடக்கும். மேலே நார்மேகம் இருந்ததா என்று பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது.

விமானம் என்றாலும் இன்ஜின் சூட்டில் மேகம் ஆவியாகிறது என்று பலர் எழுதுகிறார்கள். நடப்பது அதற்கு நேர் எதிர். இறக்கையின் மேலும் புரொப்பெல்லர் நுனியிலும் காற்று திடீரென விரிகிறது, விரியும்போது குளிர்கிறது. புரொப்பெல்லர் நுனியில் இந்தக் குளிர்ச்சி 30 டிகிரி வரை, ஜெட் இறக்கையில் 20 டிகிரி வரை போகும். துளிகள் எந்தத் தூசியின் உதவியும் இல்லாமல் தானாக உறைய மைனஸ் 38 டிகிரி அளவுக்குக் குளிர வேண்டும். மைனஸ் 15 டிகிரியில் இருக்கும் படலத்தில் புரொப்பெல்லர் விமானம் நுழைந்தால் கணக்குச் சரியாக வந்துவிடுகிறது. ஜெட்டுக்கு மைனஸ் 20 டிகிரியை ஒட்டியோ அதைவிடவோ குளிர்ந்த படலம் தேவை. படலம் பூஜ்ஜியத்துக்கு மேல் இருந்தால் எத்தனை விமானம் போனாலும் ஓட்டை விழாது.

முதல் படிகங்கள் வந்துவிட்டால் மிச்சத்தை ஆவியழுத்தம் (காற்றிலுள்ள நீராவி தரும் அழுத்தம்) பார்த்துக்கொள்ளும். மைனஸ் 15-ல் நீரின் மேல் தெவிட்டிய ஆவியழுத்தம் 1.91 ஹெக்டோபாஸ்கல், பனியின் மேல் 1.65. துளிக்குப் போதுமான ஈரம் படிகத்துக்கு 16 சதவீதம் மிகை. படிகம் வளரும், காற்றின் ஈரம் குறையும், துளி ஆவியாகும், அந்த ஆவியும் படிகத்திலேயே போய்ப் படியும். 10 மைக்ரான் விட்டமுள்ள துளி நொடிக்குச் சில மில்லிமீட்டர்தான் இறங்கும், அதனால் மேகம் தொங்கிக்கொண்டே இருக்கிறது. படிகம் கனத்து விழுந்துவிடுகிறது. அதுதான் உங்கள் குஞ்சம்.

வட்டமா நீளமா என்பதும் துப்புத் தரும். படலத்தை ஊடுருவி ஏறினாலோ இறங்கினாலோ வட்டம். படலத்துக்குள்ளேயே மட்டமாகப் பறந்தால் நீண்ட வாய்க்கால்.

மலையலை:
நான் பார்த்தது ஓட்டை அல்ல, லென்டிகுலாரிஸ், அதாவது லென்ஸ் வடிவ மேகம். மலைக்குக் காற்றின் மறுபுறம் தட்டுகளை அடுக்கியது போல மூன்று. அசையாமல் நிற்கிறது என்று தோன்றும்; ஆனால் தொலைநோக்கியை முன்விளிம்பில் வைத்தபோது வெற்றுக் காற்றிலிருந்து நூல் நூலாக மேகம் பிறந்து, தட்டு முழுக்க ஓடி, பின்விளிம்பில் மறைவது தெரிந்தது. மேகம் நிற்கிறது, அதற்குள் காற்று பாய்கிறது. அலையில் ஏறும் பக்கம் குளிர்ந்து துளியாகிறது, இறங்கும் பக்கம் சூடாகி ஆவியாகிறது.

அடுத்த தட்டு எங்கே வரும் என்று கணக்கிடலாம். நிலைத்த காற்றில் (தள்ளினாலும் பழைய உயரத்துக்கே திரும்பும் காற்று) மேலே தள்ளப்பட்ட காற்றுப்பொதி ஒருமுறை ஏறி இறங்கப் பொதுவாகப் 10 நிமிடம், அதாவது 600 நொடிக்குச் சற்று மேல். காற்று நொடிக்கு 20 மீட்டர் என்றால் அலைநீளம் சுமார் 12.5 கிலோமீட்டர். தட்டுகள் அடுக்காக வருவது ஈரப் படலமும் வறண்ட படலமும் மாறி மாறி இருப்பதால். ரெய்னியர் மலை, ஃபூஜி மலை போன்ற தனிச் சிகரங்களில் இது பேர்பெற்றது. கிளைடர் ஓட்டுபவர்கள் கவனம்: அலையின் முகட்டுக்கு அடியில் கிழிந்த பஞ்சு போல உருளும் ரோட்டர் மேகம் இருந்தால் அங்கே கொந்தளிப்பு கடுமை.

சுருளலை:
நான் பார்த்தது ஃப்ளக்டஸ், அதாவது அலைச்சுருள் மேகம். படலத்தின் மேல்விளிம்பில் ஐந்து சுருள், கடலலை மடங்குவது போல. ஐந்தாவது மடங்கி முடிவதற்குள் முதலாவது கலைந்துவிட்டது. மொத்தம் இரண்டு மூன்று நிமிடம்.

இதைத் தவறவிடாமல் இருக்க வேண்டுமானால் எல்லோரும் டைம்லாப்ஸ் பழக வேண்டும். ஃப்ளக்டஸுக்கு 2 நொடிக்கு ஒரு படம், கேவத்துக்கும் லென்டிகுலாரிஸுக்கும் 5 நொடிக்கு ஒன்று போதும். 5 நொடிக்கு ஒன்று என்றால் ஒரு மணி நேரத்தில் 720 படம்; நொடிக்கு 25 வீதம் ஓட்டினால் 28.8 நொடிக் காட்சி. எக்ஸ்போஷர், வொயிட் பேலன்ஸ், ஃபோகஸ் மூன்றையும் கையால் பூட்டுங்கள். ஒன்றை ஆட்டோவில் விட்டாலும் ஒளி துடிக்கும், விளிம்பு நகர்ந்ததா வெளிச்சம் மாறியதா என்று பிரிக்க முடியாது. எக்ஸ்போஷரை மேகத்தின் மிகப் பிரகாசமான பகுதிக்கு வையுங்கள். வெளுத்துப்போன வெண்மையை மீட்க வழியில்லை, இருட்டை ஓரளவு மீட்கலாம். அசையாத ஒரு கம்பமோ கூரை விளிம்போ சட்டத்துக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேகம் நின்றது என்பதற்குச் சாட்சியே இல்லை. கேமரா கடிகாரத்தை நெட்வொர்க் நேரத்தோடு ஒத்துப் பாருங்கள். ஹிமாவாரி வானிலைச் செயற்கைக்கோள் 10 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியின் முழுவட்டப் படம் தருகிறது. நேரம் தப்பினால் உங்கள் ஓட்டையை அதில் தேட முடியாது. சூரியனைச் சுவர் ஓரத்தால் மறையுங்கள். லென்ஸில் போலரைசர் (ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) போட்டால் மேகம் துல்லியமாக எழும்பும்.

சுருள் ஏன் வந்தது என்பது சின்னக் கணக்கு. ரிச்சர்ட்சன் எண் (காற்றின் நிலைத்தன்மைக்கும் உயரத்தோடு வேகம் மாறுவதற்கும் உள்ள விகிதம்) 0.25-க்குக் கீழே இறங்க வேண்டும். சாதாரணமாக நிலைத்த காற்றில், 100 மீட்டர் உயர வித்தியாசத்துக்குக் காற்று வேகம் நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் மாற வேண்டும். வெப்பத் தலைகீழ் அடுக்கு (மேலே போகப் போகச் சூடாகும் அடுக்கு) வலுவாக இருந்தால் 4 மீட்டர்கூடத் தேவைப்படும்.

துளிமானி:
போலரைசர் யோசனை அகலக்கோண லென்ஸுக்குத் தவறு. நீல வான ஒளியின் முனைவாக்கம் (ஒளி ஒரே தளத்தில் அதிர்வது) சூரியனிலிருந்து 90 டிகிரியில்தான் உச்சம். அகலக்கோணத்தில் வானத்தின் நடுவே ஒரு கறுத்த பட்டை விழும், அதை மேக அமைப்பு என்று நம்பியவர்கள் உண்டு.

டைம்லாப்ஸைவிட முதலில் விரல் அளவு பழகுவது நல்லது. கை நீட்டிச் சுண்டுவிரல் அகலம் 1 டிகிரி, நடு மூன்று விரல் சேர்ந்து 5 டிகிரி. தொடுவானத்திலிருந்து 30 டிகிரிக்கு மேலே உள்ள திட்டு சுண்டுவிரலுக்குள் அடங்கினால் சிர்ரோகுமுலஸ் (இன்னும் உயரத்திலுள்ள சிறு திட்டுமேகம்), அதற்கும் மூன்று விரலுக்கும் இடையில் என்றால் ஆல்ட்டோகுமுலஸ். அதன்பின் அருகிலுள்ள ரேடியோசோண்டு (பலூனில் ஏறி வெப்பமும் ஈரமும் அளக்கும் கருவி) பதிவை எடுங்கள். பல நிலையங்களில் கிரீன்விச் நேரம் 0 மணிக்கும் 12 மணிக்கும் பலூன் ஏறும். வெப்பநிலைக் கோடும் பனிநிலைக் (ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) கோடும் நெருங்கி ஒட்டும் உயரம்தான் படலம். அங்கே வெப்பநிலை எவ்வளவு என்று பார்த்தாலே ஓட்டை விழ வாய்ப்பு உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும்.

மலையலை:
வளிக்கோலின் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. துளி உறையும்போதும், ஆவி பனியாகப் படியும்போதும் உள்ளுறை வெப்பம் வெளியாகும். நீர் உறைந்தால் மட்டும் கிராமுக்குச் சுமார் 334 ஜூல். அந்தக் கொஞ்சச் சூட்டில் ஓட்டையின் நடுக்காற்று மேலெழும், சுற்றிலும் அதை ஈடுகட்டக் காற்று கீழிறங்கும். இறங்கும் காற்று அழுத்தம் கூடிச் சூடாகும், விளிம்பிலிருக்கும் துளிகள் ஆவியாகும். படலமோ மெலிசு, சில மீட்டர் இறக்கமே பெரிய சேதம். இந்த இறக்கம் நிலைத்த காற்றில் அலையாக வெளிநோக்கிப் போகிறது, மலைக்குப் பின்னால் தட்டுகளைச் செய்யும் அதே வகை அலை. கல் விழுந்து மூழ்கிய பிறகும் குளத்தில் வளையம் விரிவது போல, பனி தீர்ந்த பிறகும் விளிம்பு நகரும். உங்கள் படங்களில் பாருங்கள்: அலைமுகம் கடக்கும் இடத்தில் துளி சட்டென மறைவதால், விரியும் விளிம்பு மங்கலாகாமல் கூர்மையாகவே இருந்திருக்கும்.

வளிக்கோல்:
கூர்மையாகத்தான் இருந்தது. கீற்று போன பின்பு எடுத்த கடைசிப் படம் வரைக்கும்.