பெரிய கடை வீதி மாடியும் பைகாரா கரண்டும்

ஒயரிங் வேலை பார்க்கிறவன் நான். கோவை பெரிய கடை வீதியில் ஒரு பழைய கட்டடம், மாடிச் சுவரைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று கூப்பிட்டார்கள். கீழே பாத்திரக் கடை, பின்னால் குடோன், மேலே வீடு. தெருப் பக்கம் குறுகலாக இருந்தாலும் உள்ளே போகப் போக நீளம். வெளிச்சத்துக்கு நடுவில் ஒரு தொட்டி முற்றம்.

மரப்பட்டி மேல் ஓடுகிற ஒயர், பீங்கான் ஃபியூஸ், பித்தளை மூடி போட்ட உருண்டை சுவிட்ச். ஒயரின் ரப்பர் விரல் பட்டாலே பொடியானது. "பைகாரா கரண்ட் வந்தப்ப எங்க மாமனார் போட்டதுங் கண்ணு" என்றார் வீட்டு ஆத்தா. நீலகிரியில் இருக்கிற பைகாரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது 1932இல். அதற்கும் முன்பே, 1914இல் இங்கே வெரைட்டி ஹால் தியேட்டரைக் கட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட், சொந்தமாகக் கரண்ட் எடுத்து அச்சகமும் ஓட்டியிருக்கிறார். பெரிய ஆள்தான்!

சரி, ஷாக்குக்கு வருவோம். பாதிக் காரணம் ஒயர், மீதி ஈரம். மழை விட்ட பிறகும் ஒழுகுகிறது என்றார் ஆத்தா. மேலே ஏறிப் பார்த்தால், மெட்ராஸ் டெரஸ் என்கிற பழைய சுண்ணாம்புக் கூரை மேல் யாரோ சிமெண்ட் பூசியிருக்கிறார்கள்.

இந்தக் கூரையில் கம்பியே கிடையாது. தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, மெல்லிய செங்கல்லைச் சுண்ணாம்பு வைத்துச் செங்குத்தாக அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். கடைசியில் மேலே தட்டை ஓடு பதிப்பார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கினாலும் வெயிலில் விட்டுவிடும். மேலே சிமெண்ட் பூசினால், விரிசல் வழியே இறங்கிய தண்ணீர் மேலே காய வழியில்லாமல் கீழே கசியும். சுவருக்குள் இருக்கும் கட்டை முனைகள்தான் முதலில் உளுக்கும்.

பேரன் இடித்துவிட்டு காங்கிரீட் போடலாம் என்கிறார். எனக்கு அது வீண் செலவாகத்தான் படுகிறது. ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தேன், ஒரு மூலையில் இருக்கும் முனைகள் தவிர மற்ற கட்டைகள் எல்லாம் கல்லு மாதிரி இருக்கின்றன. சுவரை வெட்டாமல் பைப்பை வெளியே ஓட்டி ஒயரிங்கை முடித்துவிட்டேன், எர்த்தும் புதிதாக. கூரைதான் பாக்கி. கோவை, ஈரோடு பக்கம் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் யாரையாவது வைத்து மெட்ராஸ் டெரஸ் சரிசெய்தவர்கள் இருந்தால், எப்படி வந்தது என்று எழுதுங்கள். அடைமழைக்கு முன்னால் சிமெண்ட்டைச் சுரண்டியாக வேண்டும்.